தாளில் தெரியாத இன்னொரு பாட்டு!

எழுதி வைத்த பாட்டு தானே பாடுமா? பாடும்! கம்ப்யூட்டர் பாட வைக்கிறது.

மேல்நாட்டு சங்கீதத்தை ஐந்து கோடுகளின் மேல் எழுதுவார்கள். முன்பு பேனாவால் எழுதினார்கள். இப்போது கம்ப்யூட்டரில் எழுதுகிறார்கள். அதற்கென்றே சிபேலியஸ், டோரிக்கோ, மியூஸ்ஸ்கோர் என்ற சாப்ட்வேர்கள் இருக்கின்றன. எழுதி முடித்து ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். பியானோ ஒலிக்கும், பிடில் ஒலிக்கும், புல்லாங்குழலும் ஒலிக்கும்.

ஆனால், அங்கே இருப்பது ஒரு பாட்டு அல்ல, இரண்டு!

ஒன்று, கண்ணுக்குத் தெரியும் பாட்டு. மற்றொன்று, உள்ளே மறைந்திருக்கும் குறிப்பு. எந்த ஸ்வரத்தை ஓங்கி அடிப்பது, எதை மெல்லத் தொடுவது, எப்போது விடுவது என்பதெல்லாம் அதில் இருக்கும்.

ஓட்டை போட்ட காகிதம்

இது புதிய விந்தை அல்ல. நூறு ஆண்டுகளுக்கு முன்பே தானாக வாசிக்கும் பியானோ இருந்தது. அதற்குள் ஒரு காகிதச் சுருள் ஓடும். சுருளில் ஓட்டை வரும் இடத்தில் ஸ்வரம் ஒலிக்கும்.

1904-ம் ஆண்டில் ஜெர்மனியின் பிரைபர்க் நகரில் இருந்த வெல்டே கம்பெனி இதில் ஒரு படி மேலே போயிற்று. பெரிய வித்துவான்கள் வாசித்த வாசிப்பையே, அதன் ஏற்ற இறக்கத்தோடு சுருளில் பிடித்தது.

அமெரிக்காவில் பிறந்து மெக்சிகோவில் குடியேறியவர் கான்லன் நான்கரோ. அவர் தம் கையாலேயே ஓட்டை போட்டுப் பல பாட்டுகளை உண்டாக்கினார். மனித விரலால் வாசிக்க முடியாத வேகம் அவற்றில் உண்டு!

அந்தச் சுருளுக்கு நகல் எடுக்கலாம். தவறான ஓட்டையைக் காகிதம் ஒட்டி மூடலாம். இன்று கம்ப்யூட்டரில் நடப்பதும் அதேதான்.

1 முதல் 127 வரை

1983-ல் மின்சார வாத்தியங்களுக்கு ஒரு பொது மொழி வந்தது. அதன் பெயர் மிடி. ஸ்வரத்தின் பலத்தை அது 1 முதல் 127 வரை எண்ணால் சொல்லும். சிறிய எண் என்றால் மெல்லிய ஒலி. பெரிய எண் என்றால் ஓங்கிய ஒலி.

நகல் எடுக்கும்போது

ஒரு வாத்தியத்தின் குறிப்பை இன்னொரு வாத்தியத்துக்கு நகல் எடுக்கலாம். வேலை மிச்சம். ஆனால் குழலுக்குப் பொருந்திய எண் பிடிலுக்குப் பொருந்தாமல் போகலாம். கேட்டுப் பார்த்துத் திருத்த வேண்டும்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. பியானோவில் காலால் அழுத்தும் பெடல் இருக்கிறது. அதை அழுத்தினால் நாதம் நீண்டு ஒலிக்கும். மிடியில் அழுத்துவதற்கு 127; விடுவதற்கு 0. நகல் எடுக்கும்போது 127 வந்து, 0 வராமல் விட்டுப் போனால் என்ன ஆகும்? ஸ்வரங்கள் ஒன்றோடொன்று கலந்து குழம்பும். தாளைப் பார்த்தால் ஒரு பிழையும் தெரியாது!

கோஷ்டியாகப் பாடுகிறவர்களில் பலருக்கு இசைக் குறிப்பைப் படிக்கத் தெரியாது. கம்ப்யூட்டர் வாசிப்பதைக் கேட்டே பாடம் செய்கிறார்கள். அது தவறாக ஒலித்தால் அவர்கள் பாட்டும் தவறிவிடும்.

அழிக்கும்போது

இதற்கு மருந்து, மறைந்திருக்கும் குறிப்பை அழிப்பது. "பாட்டே போய்விடுமோ?" என்று பயப்பட வேண்டாம். எழுதிய ஸ்வரம் அப்படியே இருக்கும். பிறகு கம்ப்யூட்டர் தாளில் உள்ள அடையாளங்களைப் பார்த்து வாசிக்கும். "மெல்ல" என்று இருந்தால் மெல்ல வாசிக்கும்.

ஆனால் ஒருவர் தம் கையால் வாசித்துப் பதித்த நயமும் அத்துடன் போய்விடும். தாளைப் பார்த்து அதைத் திரும்பப் பெற முடியாது.

வீடு மாறும்போது

1988-ல் வந்தது பினாலே என்ற சாப்ட்வேர். பல இசைக்காரர்கள் வாழ்நாள் முழுவதும் அதிலேயே எழுதினார்கள். 2024 ஆகஸ்டில், அதை நிறுத்துவதாகக் கம்பெனி அறிவித்தது. எழுதியவர்கள் தங்கள் பாட்டுகளை வேறு சாப்ட்வேருக்குக் கொண்டு போக வேண்டியதாயிற்று. மியூசிக்-எக்ஸ்.எம்.எல். என்ற பொதுக் கோப்பு, எழுதிய ஸ்வரங்களைக் கொண்டு போகிறது. உள்ளே இருந்த வாசிப்பின் நயமோ முழுவதும் போய்ச் சேருவதில்லை.

ஆகவே இந்த வேலை செய்கிறவர்கள் மூன்றை மறக்கக் கூடாது. அழிக்குமுன் கோப்புக்கு ஒரு நகல் எடுத்து வைக்க வேண்டும். எந்த இடம் முதல் எந்த இடம் வரை அழிக்கிறோம் என்று பார்க்க வேண்டும். நல்ல வாசிப்பாக இருந்தால், அதை ஒலிப்பதிவாகவும் சேமித்து வைக்க வேண்டும். சாப்ட்வேர் போனாலும் அந்த வாசிப்பு காதுக்குக் கிடைக்கும்.