கேள்வி கேட்டால் வினை மாறும்: ஓஜிப்வே இலக்கணமும் மொழிமீட்பும்

அழியும் மொழியொன்றைக் காப்பாற்றக் கிளம்புகிறவர்கள் முதலில் கையில் எடுப்பது பெரும்பாலும் பெயர்ச்சொல் பட்டியலைத்தான். கரடி, மீன், படகு, சிவப்பு, நீலம், ஒன்று, இரண்டு. சுவரில் படம் மாட்டலாம். பிள்ளைகளை ஒப்பிக்க வைத்து விழா நடத்தலாம். ஆனால் பட்டியலை மனப்பாடம் செய்த பிள்ளையால் ‘பாட்டி, எங்க போறே?’ என்று அந்த மொழியில் கேட்க முடியாது. இந்த இடைவெளி வெறும் கற்பித்தல் முறை சார்ந்ததல்ல, அரசியல் சார்ந்தது என்பதே இங்கு சொல்ல வருவது. ஓஜிப்வே மொழியை எடுத்துக்கொள்வோம்.

வட அமெரிக்கப் பேரேரிகளைச் சுற்றி, கனடாவின் ஒன்டாரியோ, மனிடோபா பகுதிகளிலும் அமெரிக்காவின் மிச்சிகன், விஸ்கான்சின், மினசோட்டா மாநிலங்களிலும் வழங்கும் அல்கோன்கியக் குடும்பத்து மொழி இது. பேசுகிறவர்கள் தம்மை அனிஷினாபே என்றும் மொழியை அனிஷினாபேமொவின் என்றும் சொல்கிறார்கள். (இங்கே ‘ஜ’ என்று எழுதுவது பெரும்பாலும் ‘ட்ரெஷர்’ என்னும் ஆங்கிலச் சொல்லின் நடுவில் வரும் ஒலியை. நம் எழுத்தில் அதற்கு இடமில்லை.)

இம்மொழியின் பாரம் முழுவதும் வினையின் மேல் இருக்கிறது. நாம் பெயராகவோ அடையாகவோ நினைக்கும் பலவும் அங்கே வினைகள். ‘மிஸ்க்வா’ என்றால் உயிரற்ற ஒன்று சிவந்திருக்கிறது. ‘மிஸ்கொஸி’ என்றால் உயிருள்ள ஒன்று சிவந்திருக்கிறது. ஆக, நிறங்களைப் பெயர்ப்பட்டியலாக எழுதிச் சுவரில் மாட்டும்போது நாம் செய்வது, ஆங்கில இலக்கணத்துக்கு ஓஜிப்வே சாயம் பூசுவதுதான்.

உயிருள்ளது, உயிரற்றது என்ற பிரிவு நம் உயர்திணை, அஃறிணை அல்ல. ‘அசின்’ என்கிற கல் இலக்கணப்படி உயிருள்ளது. உடனே ‘இயற்கையின் குழந்தைகள்’ என்று உருக ஆரம்பித்துவிட வேண்டாம், அதுவும் காலனியப் பார்வைதான். ராஸ்பெரிப் பழம் உயிருள்ளது, ஸ்ட்ராபெரிப் பழம் உயிரற்றது. இது இலக்கணம். செய்கிறவர் அல்லது செயப்படுபொருள் எந்தப் பக்கம் என்பதைப் பொறுத்து வினைகள் நான்கு வகையாகின்றன. ‘நிவாபமா’ என்றால் நான் அவரைப் பார்க்கிறேன்; ‘நிவாபண்டான்’ என்றால் நான் அதைப் பார்க்கிறேன். பார்க்கப்படுவது எதுவென்று தெரியாமல் ‘பார்’ என்று வாய் திறக்க முடியாது.

பரகா என்ற ஸ்லோவேனியப் பாதிரியார் 1850இல் வெளியிட்ட இலக்கணம் இவ்வினைகளை ஒன்பது வாய்பாடுகளாக, ஐரோப்பிய இலக்கணச் சொற்களைக் கொண்டு விவரித்தது. மதம் பரப்ப மொழி தேவைப்பட்டது. இன்று வழங்கும் நால்வகைப் பகுப்பு, இருபதாம் நூற்றாண்டில் புளூம்ஃபீல்ட் அல்கோன்கிய மொழிகளை ஆராய்ந்ததன் வழியாக வந்தது.

இனி கேள்விக்கு வருவோம். ஆமா, இல்லை என்று பதில் வரும் கேள்வி எளிது. ‘கிடிஜா’ என்றால் நீ போகிறாய். ‘இன’ என்ற இடைச்சொல்லைச் சேர்த்துவிட்டால் ‘கிடிஜா இன?’, போறியா? நம் ஆகாரம் செய்யும் வேலைதான்.

எங்கே, என்ன, யார், ஏன் என்று கேட்கும்போது கதை வேறு. ‘எங்கே’ என்பதற்கு ‘ஆண்டி’ என்ற சொல் இருக்கிறது. அதைக் ‘கிடிஜா’வோடு ஒட்டிவிட முடியாது. முன்னால் நின்ற ‘கி’ போய்விடும், இடத்தை விகுதி காட்டும். ‘இஜாயன்’ என்றால் நீ போனால். ‘இஜாயான்’ என்றால் நான் போனால். நானும் நீயும் குறில் நெடிலில் பிரிகிறோம். (இந்த ‘யான்’ நம்முடைய ‘யான்’தான் என்று யாரும் கட்டுரை எழுதிவிட வேண்டாம். தற்செயல்.) அடுத்து, வினையின் முதல் உயிர் மாறும். அ, இ இரண்டும் ஏ ஆகும்; ஒ என்பது வே; ஈ என்பது ஆ; ஆ என்பது அயா. ஆகவே ‘ஆண்டி ஏஜாயன்?’, நீ போறது எங்கே? எங்கிருந்து வருகிறாய் என்பது ‘ஆண்டி வேன்ஜிபாயன்?’ என்ன சாப்பிடப் போறே என்பது ‘வேகொனேன் வா-மீஜியன்?’ கேள்வி கேட்ட மாத்திரத்தில் வினை தன் முதல் உயிரிலிருந்தே உருமாறிவிடுகிறது.

இன்னொன்று. யார் என்பது ‘அவேனேன்’. யாரோ, தெரியவில்லை என்பது ‘அவேகுவேன்’. ‘டிபி கா-இஜாகுவேன்’ என்றால், எங்கே போனாரோ! நம் ஓகாரம் சுமக்கும் ஐயத்தை அங்கே வினாச்சொல்லும் வினைவிகுதியும் சேர்ந்து சுமக்கின்றன. தெரியாது என்பதற்கும் இலக்கணத்தில் இடமுண்டு.

இவ்வளவு நுட்பமான அமைப்பு எப்படி உடைந்தது? அமெரிக்காவில் 1879இல் கார்லைல் பள்ளி தொடங்கியது. அதன் வழியில் பல விடுதிப் பள்ளிகள் வந்தன. கனடாவின் உறைவிடப் பள்ளிகளுக்குள் சுமார் 1,50,000 பூர்வகுடிப் பிள்ளைகள் அனுப்பப்பட்டதை 2015இல் வெளிவந்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையத்தின் அறிக்கை பதிவு செய்தது. தாய்மொழி பேசினால் தண்டனை. அங்கே பிள்ளைகளை நோக்கி வந்த மொழி ஏவல்: உட்கார், எழுந்திரு, வாயை மூடு. ‘எங்க அம்மா எங்கே?’ என்று கேட்க இடமில்லை. திரும்பி வந்தவர்களில் பலர், தாங்கள் பட்டது பிள்ளைகளும் படக் கூடாது என்று மொழியைத் தங்களோடு நிறுத்திக்கொண்டார்கள். அறுந்தது சொற்கள் மட்டுமல்ல, பெரியவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும் உறவு.

இன்றைய வகுப்பறையிலும் ஏவல் சுலபம். ‘நமடபின்’, உட்கார். ‘பீண்டிகேன்’, உள்ளே வா. ‘நான்’, ‘நீ’ என்ற முன்னொட்டுகளின் தொந்தரவு இல்லை. ஆசிரியர் சொல்ல, பிள்ளை செய்தால் போதும். தொடங்குவதற்குச் சரி. அங்கேயே நின்றுபோனால், பழைய பள்ளியின் வாக்கிய வடிவத்தைத்தான் பாட்டியின் மொழியில் திருப்பிச் சொல்கிறோம்.

அமெரிக்காவில் 1990இலும் கனடாவில் 2019இலும் பூர்வகுடி மொழிகளுக்கான சட்டங்கள் வந்தன. சட்டம் வினையைத் திரித்துச் சொல்லித் தராது. அதை மனிதர்கள்தான் செய்ய வேண்டும். விஸ்கான்சினில் 2001இல் தொடங்கிய வாடூகொடாடிங் பள்ளியில் பாடங்களே ஓஜிப்வே மொழியில் நடக்கின்றன. மினசோட்டாப் பல்கலைக்கழகம் இணையத்தில் வைத்திருக்கும் ஓஜிப்வே மக்கள் அகராதியில் முதியவர்களின் குரலையே கேட்கலாம். அமெரிக்கப் பக்கத்தில் இதைத் தாய்மொழியாகப் பேசுவோரில் பெரும்பாலோர் வயதானவர்கள். அவகாசம் அதிகமில்லை.

ஆகவே மொழிமீட்பை அளக்க எத்தனை சொற்கள் சேகரித்தோம், எத்தனை பலகைகள் வைத்தோம் என்ற கணக்கு உதவாது. ஒரு பிள்ளை முதல் உயிரை மாற்றி, விகுதியைச் சரியாகப் போட்டு, தனக்கு நிஜமாகவே தெரியாத ஒன்றைப் பெரியவரிடம் கேட்டதா? அவர் அதே மொழியில் பதில் சொன்னாரா? நாம் கேட்க வேண்டியது இதைத்தான்.