மின்திரையில் ஒரு மற்போர்

விளையாட்டு என்றதும் நம் நினைவிற்கு வருபவை கபடி, கால்பந்து, சதுரங்கம் முதலியவை. நாணயம் போட்டு ஆடும் மின்னணுப் பொறியை விளையாட்டு என ஏற்க மூத்தவர் பலர் தயங்குவர். அது பொழுதைப் போக்கும் பொம்மை என்பதே அவர்தம் கருத்து. ஆனால் அத்தகைய பொறியில் வளர்ந்த ஓர் ஆட்டத்தின் வழித்தோன்றல், 2023-இல் சீனாவின் ஹாங்சோ நகரில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் பதக்கத்திற்குரிய பிரிவாக இடம்பெற்றது. 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2' என்னும் அந்த மூல ஆட்டம் எவ்வாறு தோன்றியது, எதனால் நிலைத்தது என்பதை எனக்குத் தெரிந்தவரையில் இங்கு விளக்க முற்படுகிறேன்.

தோற்றம்

தொடக்க காலத்துக் கேளிக்கைக் கூடப் பொறிகளில் பெரும்பாலானவை மனிதனைப் பொறியோடு மோதவிட்டன. 1978-இல் ஜப்பானில் வெளிவந்த 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' இதற்குச் சான்று. வானிலிருந்து இறங்கும் பகைவரைச் சுட்டு, முன்னவர் எடுத்த புள்ளியை முறியடிப்பதே அதில் பெருமை. 1984-இல் வந்த 'கராத்தே சாம்ப்' இருவரை எதிரெதிரே நிறுத்தும் வழியைக் காட்டியது.

1987-இல் ஒசாகா நகரத்துக் கேப்காம் நிறுவனம் 'ஸ்ட்ரீட் ஃபைட்டர்' என்னும் முதல் ஆட்டத்தை வெளியிட்டது. அதில் ஆடுபவருக்கு ரியூ என்னும் வீரன். இரண்டாமவர் வந்து சேர்ந்தால் அவருக்குக் கென். இருவர் திறனும் ஒன்றே. எனவே ஆட்டம் விரைவில் சலித்தது. 1991-இல் யோஷிகி ஒகாமோட்டோவின் மேற்பார்வையில், அகிரா நிஷிடானி, அகிரா யசுடா ஆகியோர் வடிவமைத்த இரண்டாம் ஆட்டமே வரலாறு படைத்தது.

ஆடும் முறை

இதில் தேர்ந்தெடுக்க எட்டு வீரர்கள் உண்டு. எட்டுத் திசையும் அசையும் ஒரு பிடி, ஆறு பொத்தான்கள்; மூன்று குத்துக்கு, மூன்று உதைக்கு. மென்மை, நடுத்தரம், வன்மை என்பவை அவற்றின் படிகள். பிடியைக் கீழிருந்து முன்னோக்கிக் கால்வட்டமாகச் சுழற்றிக் குத்துப் பொத்தானை அழுத்தினால், ரியூவின் கையிலிருந்து ஓர் ஒளிக்கோளம் பாயும். பிடியைப் பின்னுக்கு இழுத்தால் தற்காப்பு.

இவற்றின் நுட்பம் எதிராளியின் மனத்தை அறிவதிலேயே உள்ளது. ரியூ தொலைவில் நின்று ஒளிக்கோளம் எறிகிறான் என்று கொள்வோம். நாம் தடுத்துக்கொண்டே நின்றால் உயிர்க்கோடு சிறிது சிறிதாகக் குறையும். தாண்டிக் குதித்தால், மேலெழும் குத்தினால் நம்மை வீழ்த்துவான். ஆனால் அவன் எறியப்போகும் கணத்தை முன்பே உணர்ந்து குதித்தால் அடி அவனுக்கு. தற்காப்பிலேயே இருப்பவனை அருகில் சென்று தூக்கி எறியவும் வழியுண்டு. ஒவ்வொன்றிற்கும் மாற்று உண்டு. எதற்கும் முற்றான வெற்றி இல்லை. நம் ஆடுபுலி ஆட்டத்தில் புலியும் ஆடும் வெவ்வேறு திறனுடையனவாயினும் ஆட்டம் ஒரு பக்கமே சாய்வதில்லை அல்லவா? அத்தகைய சமநிலையை எட்டு வீரர்களிடையே அமைக்க முயன்றதே இவ்வாட்டத்தின் சாதனை எனலாம்.

நம் நாட்டின் சார்பில் வரும் வீரர் தல்சிம். மண்டையோட்டு மாலை அணிந்து, கைகால்களை நீட்டி, வாயால் நெருப்பை உமிழும் யோகி. அவர் பின்னணியில் யானைகள் வரிசையாக நிற்கும். இந்தியா என்றால் யோகியும் யானையும்தான் என்னும் அயலாரின் பழைய கற்பனை இது. இதைக் கண்டபோது எனக்குச் சிரிப்பும் வருத்தமும் ஒருங்கே எழுந்தன.

பிழை தந்த பேறு

ஆட்டத்தை உருவாக்கும்போது ஒரு வியப்பு நிகழ்ந்தது. இடையில் ஒரு காரை அடித்து நொறுக்கும் பகுதி வரும். அதனைச் சோதித்த நொரிடாகா ஃபுனமிசு, குறித்த கணத்தில் பொத்தானை அழுத்தினால் ஓர் அடியோடு மற்றோர் அடி இடைவெளியின்றி இணைவதைக் கண்டார். திட்டமிட்டுச் செய்ததன்று அது. ஆடுவோர்க்கு அது எளிதில் கைவராது என்று கருதி, நீக்காமல் விட்டுவிட்டனர். ஆனால் ஆடுவோர் அதனைக் கண்டுபிடித்துப் பயின்று ஒரு கலையாகவே வளர்த்தனர். 1993-இல் வந்த பதிப்பில், எத்தனை அடி தொடர்ந்தன என்று பொறியே எண்ணிக் காட்டியது. 'காம்போ' எனும் அத்தொடரடி இல்லாத சண்டை ஆட்டம் இன்று அரிது.

செல்வாக்கு

இதன் வெற்றியைக் கண்டு பிற நிறுவனங்களும் முனைந்தன. 1992-இல் 'மார்ட்டல் காம்பாட்', 1993-இல் முப்பரிமாண உருவங்களுடன் 'வர்ச்சுவா ஃபைட்டர்', 1994-இல் 'டெக்கன்' ஆகியன தோன்றின. 1992-இல் வீட்டுத் தொலைக்காட்சியில் இணைத்து ஆடும் சூப்பர் நின்டெண்டோ கருவிக்கு 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2' வந்தபோது 63 இலட்சம் பிரதிகள் விற்றன. ஆட்டம் வீட்டிற்குள் வரவர, கூடங்களுக்குச் செல்லும் தேவையும் குறைந்தது.

அக்கூடங்களில் ஒரு வழக்கம் இருந்தது. வென்றவர் பொறியை விட்டு அகலார். தோற்றவர் விலக, அடுத்தவர் நாணயம் போட்டு அறைகூவுவார். அறிமுகமற்ற இருவர் தோளோடு தோள் நின்று பொருதனர். அம்மரபைக் காக்க விரும்பிய ஆர்வலர்கள் 1996-இல் கலிபோர்னியாவில் சுமார் நாற்பது பேருடன் ஒரு போட்டி நடத்தினர். அதுவே பின்னாளில் 'எவோ' என்னும் பன்னாட்டுப் போட்டியாக வளர்ந்தது.

2004-ஆம் ஆண்டு எவோவில், இத்தொடரின் மூன்றாம் ஆட்டத்தில், ஜப்பானின் டைகோ உமெஹாராவின் உயிர்க்கோடு மயிரிழையளவே எஞ்சியிருந்தது. வழக்கமான முறையில் தடுத்தாலும் தோல்வி என்னும் நிலை. எதிராளி ஜஸ்டின் வாங் தொடுத்த பதினைந்து அடிகளையும், ஒவ்வொன்றும் படும் கணத்தில் பிடியைத் தட்டி முறியடித்து, அச்சுற்றை அவர் வென்றார். கூட்டம் எழுப்பிய ஆரவாரத்தை இன்றும் ஒளிப்பதிவில் கேட்கலாம்.

ஹாங்சோவில் தங்கம் வென்ற தென்கொரியாவின் கிம் குவான்-ஊவிற்கு அப்போது வயது 44. விரல் வேகம் ஒன்றே போதுமெனில், இளையோர் நடுவே அவர் வென்றிருத்தல் அரிது.

இவ்வாட்டம் நேரத்தை விழுங்கக் கூடியதே. அதை நான் மறுக்கவில்லை. கபடியைப் போல் உடலை வளர்ப்பதுமில்லை. எனினும், பொறியை வெல்லும் பழக்கத்திலிருந்து எதிரே நிற்கும் மனிதனின் எண்ணத்தை அறியும் திறனுக்கு ஆடுவோரை அழைத்துச் சென்றது இது. சதுரங்கத்தை நாம் மதிப்பதும் அக்காரணத்தால்தான். அவ்வகையில் இதனையும் விளையாட்டென ஏற்பதே முறை என்பது என் துணிபு.