பொன்மீன் எப்போது பொன்னாகும்?

காணியை விட்டு வந்தபின், வளவு மூலையில் சீமெந்துத் தொட்டி கட்டிப் பொன்மீன் வளர்க்கும் குடும்பமொன்று உண்டு. இரண்டு மாதமாகியும் குஞ்சுகள் கருமையாகவே இருந்தன. “இனம் பிழைச்சுப் போச்சு, வாய்க்காலிலை ஊத்தப்போறம்” என்றார் வீட்டு அம்மா. ஊற்றியிருந்தால் வாய்க்காலுக்கும் கேடு, கைமுதலும் நட்டம்.

பொன்மீன் பொன்னிறத்தில் பிறப்பதில்லை. சீனத்துக் காட்டுக் கெண்டையே அதன் மூதாதை; குஞ்சும் அந்தக் கரும்பச்சை நிறத்திலேயே வளரும். தோலின் கருநிறக் கலங்கள் மெல்ல அழிய, அடியிலுள்ள செம்மஞ்சள் வெளிப்படும். சிலவற்றுக்குச் சில மாதம் போதும், சிலவற்றுக்கு ஓராண்டும் செல்லும். மாறாமலே விடுவனவும் உண்டு. அவற்றை இனவிருத்திக்கு வைக்காதீர்கள்.

அந்தச் செம்மைக்கான கரோட்டினொயிட்டு என்னும் நிறப்பொருளை மீனின் உடல் தானே ஆக்காது, தீனியில்தான் பெறவேண்டும். தவிடு மட்டும் போட்டால் மீன் பெருக்கும், நிறம் ஏறாது. தொட்டிச் சுவரின் பச்சைப்பாசியை முழுதாகச் சுரண்டிவிடாதீர்கள். காயவைத்து இடித்த இறால் தலை, அவித்து மசித்த கரட் என்பவற்றைத் தீனியில் சிறிதளவு சேருங்கள். இருட்டில் கிடக்கும் மீன் வெளிறும். காலை வெயில் படட்டும், உச்சி வெயிலுக்குக் கிடுகு மறைப்புப் போதும்.

நிறமேறிய மீனில் மீண்டும் கரும்படை கண்டால் நீரைப் பாருங்கள். கழிவிலிருந்து வரும் அமோனியா தோலைச் சுட்டு, புண் ஆறுமிடம் கறுத்திருக்கலாம். மருந்துக்குக் காசு கொடுக்குமுன் தீனியைக் குறைத்து, காற்பங்கு நீரை மாற்றுங்கள். உப்புத்தூள் தூவியதுபோன்ற வெண்புள்ளி வேறு, அது தொற்றும் நோய். அந்தத் தொட்டி மீனை எவருக்கும் விற்காதீர்கள்.

அந்த வீட்டுக் குஞ்சுகளில் முதலாவது, ஐந்தாம் மாதம் வயிற்றுப் பக்கமாக மஞ்சளித்தது.