கூட்டத்துக்குப் போவோம், கணக்குக் கேட்போம்

எங்கள் படிப்பு மையத்துக்கு ஓர் அக்கா வருகிறார். வயது நாற்பது இருக்கும். சித்தாள் வேலை பார்க்கிறார். வேலை முடிந்து, சோறு ஆக்கி வைத்துவிட்டு, இரவு ஏழு மணிக்கு மையத்துக்கு வந்துவிடுவார். இப்போது எழுத்துக் கூட்டாமல் படிக்கிறார். பேருந்தின் பலகையைத் தானே படித்து ஏறுகிறார்.

ஒரு நாள் அவரிடம் கேட்டேன்.

"அக்கா, ஆகஸ்ட் 15 கிராம சபைக்குப் போனீர்களா?"

"போனேன் தம்பி. கொடி ஏற்றினார்கள். மிட்டாய் கொடுத்தார்கள். அப்புறம் கூட்டம் என்றார்கள். ஒரு நோட்டை நீட்டினார்கள். போட்டுவிட்டு வந்தேன்."

"கைநாட்டா, கையெழுத்தா?"

"கையெழுத்துத்தான்!" பெருமையாகச் சொன்னார்.

"அந்த நோட்டில் என்ன எழுதி இருந்தது அக்கா?"

அக்கா பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "படிக்கவில்லையே தம்பி" என்றார்.

அவரைக் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. நான் பள்ளிப் படிப்பை முடித்தவன். நானும் முதல் கூட்டத்தில் படிக்காமல்தான் கையெழுத்துப் போட்டேன். முன்னால் இருந்தவர் போட்டார். நானும் போட்டேன்.

அன்று இரவு மையத்தில் பாடம் நடக்கவில்லை. ராஜஸ்தான் மாநிலத்து ஏழை மக்களின் கதையைப் பேசினோம். அவர்களில் பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் ஊர்க் கணக்கைப் படித்துக் காட்டச் சொன்னார்கள். அதை நீங்களும் படியுங்கள்.

வேலை செய்தோம், கூலி எங்கே?

ராஜஸ்தானில் மழை குறைவு. மழை பொய்த்தால் வயல் வேலை இருக்காது. அப்போது அரசு வறட்சி நிவாரண வேலை கொடுக்கும். சாலை போடுவது, குளம் வெட்டுவது போன்ற வேலைகள். அந்த வேலைக்கு அரசு ஒரு கூலியை அறிவித்தது. அந்தக் கூலி முழுதாகக் கைக்கு வரவில்லை.

மக்கள் போய்க் கேட்டார்கள். "நீங்கள் சரியாக வேலை செய்யவில்லை. பதிவேட்டில் அப்படித்தான் இருக்கிறது" என்று பதில் வந்தது.

"அப்படியா? அந்தப் பதிவேட்டைக் காட்டுங்கள்" என்றார்கள் மக்கள்.

"காட்ட முடியாது. அது அரசு ரகசியம்."

மண் சுமந்தவர் இவர். அவர் பெயர் பதிவேட்டில் இருக்கிறது. ஆனால் அவர் அதைப் பார்க்கக் கூடாது! இது என்ன நியாயம்?

ராஜஸ்தானில் தேவ்துங்ரி என்று ஒரு சிற்றூர். அங்கே 1987-ஆம் ஆண்டு சிலர் ஒரு குடிசையில் குடியேறினார்கள். அருணா ராய், நிகில் டே, சங்கர் சிங் ஆகியோர் அவர்கள். அருணா ராய் சென்னையில் பிறந்தவர். ஐ.ஏ.எஸ். அதிகாரியாக இருந்தார். அந்த வேலையை விட்டுவிட்டு மக்களோடு வேலை செய்ய வந்தார். சங்கர் சிங் பொம்மலாட்டத்தாலும் பாட்டாலும் செய்தி சொல்லும் கலைஞர்.

இவர்களும் ஊர் மக்களும் சேர்ந்து 1990-ஆம் ஆண்டு மே 1 அன்று பீம் என்ற ஊரில் ஒரு சங்கத்தைத் தொடங்கினார்கள். அதன் பெயர் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன். உழைப்பவர், உழவர் ஆகியோரின் சக்தியைத் திரட்டும் அமைப்பு என்று பொருள்.

பந்தலில் கணக்கு

1994 டிசம்பர் 2. கோட் கிரானா என்ற ஊரில் ஒரு பந்தல் போட்டார்கள். ஊரே கூடியது. இதற்கு 'ஜன் சுன்வாய்' என்று பெயர். மக்கள் விசாரணை என்று நாம் சொல்லலாம்.

அப்போது கணக்கைக் கேட்டு வாங்கச் சட்டம் இல்லை. நல்ல மனம் கொண்ட அதிகாரி ஒருவர் பதிவேடுகளைப் பார்க்க விட்டார். அதில் இருந்ததைப் பந்தலில் உரக்கப் படித்தார்கள்.

மஸ்டர் ரோலைப் படித்தார்கள். மஸ்டர் ரோல் என்பது வேலைக்கு வந்தவர்களின் பெயர்ப் பட்டியல். யார், எத்தனை நாள், எவ்வளவு கூலி என்று அதில் இருக்கும். வேலைக்குப் போகாதவர்களின் பெயரும் அதில் இருந்தது.

ஒரு கட்டடத்தின் கணக்கையும் படித்தார்கள். கட்டி முடித்தாகிவிட்டது என்று கணக்கு சொன்னது. அந்தக் கட்டடம் மக்களின் கண் முன்னாலேயே நின்றது. கூரை இல்லை. கதவு இல்லை.

அதுவரை அதிகாரியிடம் ஒவ்வொருவராகப் போய்க் கேட்டவர்கள் அவர்கள். தனியாகக் கேட்டவரை அதட்டி அனுப்பிவிடலாம். ஊரே உட்கார்ந்து கேட்டால் என்ன செய்வது?

கூட்டம் நடந்த முறை

இந்தக் கூட்டங்களில் ஒரு முறை இருந்தது. அதை நாமும் கற்றுக்கொள்ளலாம்.

முதலில் தாளைப் படிப்பார்கள். பிறகுதான் பேச்சு. "அவன் திருடன், இவன் திருடன்" என்று பேசுவது இல்லை. "இத்தனையாம் தேதி, இந்த வேலை, இந்தப் பெயர், இவ்வளவு ரூபாய்" என்று பேசுவார்கள். பெயருக்கு உரியவர் எழுந்து, "நான் அன்று வேலைக்குப் போனேன்" அல்லது "போகவில்லை" என்று சாட்சி சொல்வார்.

அதிகாரிகளையும் ஊராட்சித் தலைவரையும் அழைப்பார்கள். பதில் சொல்ல அவர்களுக்கும் இடம் உண்டு. வெளியூரில் இருந்து வழக்கறிஞர், பத்திரிகையாளர் போன்றவர்களும் வருவார்கள். இரண்டு பக்கத்தையும் கேட்பார்கள்.

எழுந்து சாட்சி சொல்வது எளிது அல்ல. கூட்டம் முடிந்ததும் வெளியூர்க்காரர் போய்விடுவார். சாட்சி சொன்னவர் அதே ஊரில்தான் இருக்க வேண்டும். அடுத்த நாள் அதே தலைவர் முகத்தில்தான் விழிக்க வேண்டும். அதனால்தான் அமைதி முக்கியம். கல் எறிந்தால் வழக்கு வரும், கணக்கு வராது. வாய்ச் சண்டை வந்தால் அதையே சாக்காக வைத்துக் கூட்டத்தைக் கலைத்துவிடலாம்.

கோட் கிரானாவுக்குப் பிறகு, 1995 ஏப்ரல் வரை இன்னும் நான்கு ஊர்களில் இப்படிக் கூடினார்கள். 1998-இல் நடந்த விசாரணைகளில் ஊராட்சித் தலைவர்கள் சிலர் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

நாற்பது நாள்

ஓர் அதிகாரியின் நல்ல மனத்தை நம்பி எத்தனை நாள் இருப்பது? கணக்கைக் கேட்டு வாங்குவது உரிமை ஆக வேண்டும். மக்கள் அதைக் கேட்டார்கள்.

1996 ஏப்ரல் 6 அன்று பியாவர் என்ற நகரத்தில் தர்ணா தொடங்கியது. நாற்பது நாள் நடந்தது. கிராமத்துக் குடும்பங்கள் தானியம் கொண்டு வந்தன. முறை வைத்து வந்து உட்கார்ந்தார்கள். நகரத்துக் காய்கறி வியாபாரிகள் காய்கறி கொடுத்தார்கள். அம்பேத்கர் பிறந்த நாளையும் மே தினத்தையும் அந்தப் பந்தலிலேயே கொண்டாடினார்கள்.

"எங்கள் பணம், எங்கள் கணக்கு" என்பது அவர்களுடைய முழக்கம்.

அந்த அமைப்பைச் சேர்ந்த ஒரு பெண்ணிடம், இந்த உரிமை உங்களுக்கு எதற்கு என்று டில்லியில் கேட்டார்கள். அவர் சொன்ன பதிலின் பொருள் இது: மகனிடம் பத்து ரூபாய் கொடுத்துக் கடைக்கு அனுப்பினால், வந்ததும் கணக்குக் கேட்கிறேன். அரசு என் பெயரில் கோடி கோடியாகச் செலவு செய்கிறது. அதற்கு நான் கணக்குக் கேட்கக் கூடாதா?

தமிழ்நாடு 1997-லும், ராஜஸ்தான் 2000-லும் இதற்கு மாநிலச் சட்டம் இயற்றின. 2005-இல் நாடு முழுவதற்கும் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தது. அந்த ஆண்டு அக்டோபர் 12 முதல் நடைமுறைக்கு வந்தது. பந்தலில் உட்கார்ந்த ஏழை மக்களுக்கு இந்தச் சட்டத்தில் பெரிய பங்கு உண்டு.

நம் ஊர்க் கூட்டம்

நம் ஊரில் கூட்டம் கேட்டுப் போராட வேண்டாம். அரசியல் சட்டத்திலேயே கிராம சபைக்கு இடம் இருக்கிறது. 1993 ஏப்ரல் 24 முதல் அது நடைமுறையில் உள்ளது. ஊரின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லோரும் கிராம சபை உறுப்பினர்கள். ஆண், பெண், எந்தச் சாதி, எந்த மதம் ஆனாலும் சமம். யாரும் நம்மை அழைக்கத் தேவை இல்லை. அது நம் சபை.

போகும் முன் இவற்றைச் செய்யுங்கள்:

1. கூட்டம் எப்போது, எங்கே என்று ஊராட்சி அலுவலகத்தில் கேளுங்கள். என்ன பேசப் போகிறார்கள் என்றும் கேளுங்கள்.

2. தனியாகப் போகாதீர்கள். பத்துப் பேராகப் போங்கள்.

3. ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். தாளில் எழுதிக்கொள்ளுங்கள். "ஊரில் எதுவும் நடக்கவில்லை" என்று கேட்டால் பதில் வராது. "இந்தத் தெருவின் தண்ணீர்க் குழாய்க்கு எவ்வளவு செலவு ஆனது?" என்று கேளுங்கள்.

4. தீர்மான நோட்டைப் படியுங்கள். படித்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். வெற்றுத் தாளில் போடாதீர்கள். எழுத்து புரியாவிட்டால், "உரக்கப் படியுங்கள்" என்று சொல்லுங்கள். அது வெட்கம் இல்லை.

5. கூட்டத்தில் பதில் கிடைக்காவிட்டால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். தமிழிலேயே எழுதலாம். மத்திய அரசு அலுவலகம் என்றால் கட்டணம் 10 ரூபாய். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்குக் கட்டணம் இல்லை. 30 நாளில் பதில் தர வேண்டும். எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால், அதை எழுத அலுவலர் உதவ வேண்டும். சட்டம் அப்படிச் சொல்கிறது.

வரும் நாட்கள்

நீதிக்காகவும் அமைதிக்காகவும் மக்கள் கூடும் நாட்கள் ஒவ்வோர் ஆண்டும் வருகின்றன. நாள்காட்டியில் இவற்றைக் குறித்து வையுங்கள்.

ஜனவரி 26: குடியரசு நாள். 1950-இல் நம் அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. பல மாநிலங்களில் கிராம சபை கூடும் நாள்.

மார்ச் 8: உலகப் பெண்கள் நாள்.

ஏப்ரல் 14: அண்ணல் அம்பேத்கர் பிறந்த நாள். 1891-இல் பிறந்தார்.

மே 1: உழைப்பாளர் நாள். இந்தியாவில் முதல் மே தினத்தை 1923-இல் சென்னையில் சிங்காரவேலர் கொண்டாடினார். ராஜஸ்தானின் பீம் ஊரில் சங்கத்தார் மே தின விழா நடத்துவது வழக்கம்.

ஆகஸ்ட் 6: 1945-இல் ஜப்பானின் ஹிரோஷிமா நகரில் அணுகுண்டு விழுந்தது. போர் வேண்டாம் என்று மக்கள் ஊர்வலம் போகும் நாள்.

ஆகஸ்ட் 15, அக்டோபர் 2: சுதந்திர நாள், காந்தி பிறந்த நாள். பல மாநிலங்களில் இந்த நாட்களிலும் கிராம சபை உண்டு.

டிசம்பர் 10: மனித உரிமை நாள். 1948-இல் ஐக்கிய நாடுகள் சபை மனித உரிமைப் பிரகடனத்தை ஏற்றது.

கதையைப் பேசி முடித்தபோது மணி ஒன்பது. அக்கா தன் நோட்டை எடுத்தார். "அடுத்த கிராம சபை எப்போது தம்பி?" என்று கேட்டார். "அக்டோபர் 2" என்றேன். அதை எழுதினார். அதன் கீழே ஒரு கேள்வியையும் எழுதினார்: "எங்கள் தெரு விளக்குக்கு எவ்வளவு செலவு ஆனது?"

ஓர் எழுத்து தப்பாக இருந்தது. அவரே பார்த்துத் திருத்தினார்.

"இந்த முறை படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போடுவேன்" என்றார். பக்கத்தில் இருந்த இரண்டு பேர், "நாங்களும் வருகிறோம்" என்றார்கள்.

கலந்து பேசுங்கள்

உங்கள் ஊரில் கடைசியாகக் கிராம சபை எப்போது நடந்தது? எத்தனை பெண்கள் போனார்கள்?

அங்கே எந்தத் தீர்மானத்தில் கையெழுத்துப் போட்டீர்கள்? அது நிறைவேறியதா?

அடுத்த கூட்டத்தில் எந்த ஒரு கேள்வியைக் கேட்பீர்கள்? கீழே எழுதிப் பாருங்கள்.