மூன்று நாட் பயிற்சி

1907-ம் வருஷம் ரோமாபுரியில் மரியா மாண்டிசோரி அம்மையார் தமது முதற் குழந்தை இல்லத்தைத் திறந்தது சீமான்களின் மாளிகையிலன்று. ஸான் லொரென்ஸோ என்னும் தொழிலாளர் பேட்டையில். அவ்வம்மையாரே 1939-ல் சென்னை அடையாற்றுக்கு வந்து நம்மவர்க்குப் பயிற்சியளித்தார். அக்கல்வியோ பெரும்பாலும் சம்பளம் கட்டவல்லார் வீட்டுப் பிள்ளைகளிடமே தங்கிவிட்டது. ஆலைகள் நிறைந்த மணலிக்கல்லவா அது முதலில் வந்திருக்க வேண்டும்?

மணலியில் கூலிவேலைக்குச் செல்லும் தாய் தன் மூன்று வயதுக் குழந்தையை ஒப்புவிப்பது அங்கன்வாடி ஊழியரிடம். உணவு, எடை, கணக்கு, 2021 முதல் கைப்பேசியில் பதிவு. இத்தனைக்கும் நடுவே ஆட்டமும் பாட்டும் பாடமும் அவர் பொறுப்பே. இவருக்கு நாம் அளித்துள்ள சாதனங்கள் யாவை?

பன்னிரண்டாம் வகுப்புத் தேறிய ஊழியர்க்கு ஆறு மாதப் பயிற்சியும், ஏனையோர்க்கு ஒரு வருஷப் பயிற்சியும் அளிக்கப்படுமென்று 2020-ம் வருஷத்துக் கல்விக் கொள்கை கூறிற்று. (அக்கொள்கையின் பிற அம்சங்கள் பற்றித் தமிழ்நாட்டாரின் ஆட்சேபம் வேறு விஷயம்.) 2023-ல் மத்திய சர்க்கார் ஆரம்பித்த ‘போஷண் பீ, படாயீ பீ’ திட்டத்தில் வகுத்ததோ மூன்றே நாள்! கோர்ட்டில் ஒரு வாய்தாவுக்கே அதனினும் அதிக நாள் கிடைக்கும்.

லாபமீட்டும் பெருங் கம்பெனிகள் நூற்றுக்கு இரண்டு வீதம் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டுமென்பது 2013-ம் வருஷத்துச் சட்டம். மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையுண்டு, உரத் தொழிற்சாலையுமுண்டு. விளையாட்டுக் கருவிகளும் தமிழ்ப் படப்புத்தகங்களும், அனுபவமுள்ள ஓர் ஆசிரியையும் கொண்ட ஓர் அறை இவ்வூழியர்க்காக அங்கே அமையட்டும். வாரத்தில் ஒரு பிற்பகல், பதிவு வேலையினின்று அவர்களை விடுவித்து அவ்வறைக்கு அனுப்புமாறு ராஜ்ய சர்க்காரைக் கேட்டுக்கொள்கிறோம்.