பட்டுக்கு ஏற்றும் சாயம் மஞ்சள் தூளில்! தாய்மார்களே, உஷார்!

புதுச்சத்திரம்:-

"கலரு பளிச்சுனு இருக்குதுங்களே, இதையே குடுங்க!" மளிகைக் கடையில் மஞ்சள் தூள் வாங்குகிறவர்கள் வழக்கமாகச் சொல்வது இது. அந்தப் பளிச்சில்தான் ஆபத்து ஒளிந்திருக்கலாம்.

நாமக்கல்லுக்கும் ராசிபுரத்துக்கும் நடுவே உள்ளது புதுச்சத்திரம். அந்தப் பக்கம் நாமகிரிப்பேட்டையில் மஞ்சள் ஏலம், ராசிபுரத்தில் பட்டு நெசவு. கறிக்குப் போடும் மஞ்சளும் துணிக்கு ஏற்றும் சாயமும் இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. இரண்டும் ஒரே பொட்டலத்தில் வந்தால்தான் வினை.

கலப்பட ஆசாமிகள் கையாளும் சரக்கின் பெயர் "மெட்டானில் மஞ்சள்". 'அசோ' இனத்துச் செயற்கைச் சாயம். இரண்டு நைட்ரஜன் அணுக்கள் கைகோர்த்து நிற்பதுதான் இந்த இனத்தின் அடையாளம். அமிலம் கலந்த சுடுதண்ணீரில் போட்டால் பட்டிலும் கம்பளியிலும் நன்றாகப் பிடிக்கும். தோல், காகிதத்துக்கும் போடுவார்கள். பருத்தியில் அவ்வளவாக நிற்காது.

ஏன் கலக்கிறார்கள்?

மஞ்சளின் இயற்கை நிறம் குர்குமின். வெளிச்சம் பட்டுப் பட்டு மங்கும். நாள்பட்ட சரக்கும், மாவு கலந்த தூளும் வெளிறிப்போய்ப் பல்லிளிக்கும். அதை மறைக்கத்தான் இந்தச் சாயம். தண்ணீரில் சட்டெனக் கரையும், விலையும் மலிவு. லட்டு, பருப்பிலும் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

எலிகள் பட்ட பாடு

பெங்களூர் நிம்ஹான்ஸ் ஆராய்ச்சியாளர்கள் இதை எலிகளுக்குத் தொடர்ந்து கொடுத்துப் பார்த்து, 1993-ல் முடிவை வெளியிட்டார்கள். மூளையின் ரசாயனங்கள் மாறின. கற்றுக்கொள்ளும் திறனும் கெட்டது. மனிதனுக்கும் அப்படியே ஆகும் என்று சொல்லிவிட முடியாதுதான். ஆனால் குழந்தைக்கு ஊட்டும் பருப்புச் சோற்றில் போட்டுப் பார்க்க எந்தத் தாய் சம்மதிப்பாள்?

அசோ என்றாலே விஷம் என்று பயந்துவிடவும் வேண்டாம். டார்ட்ராசின், சன்செட் யெல்லோ இரண்டும் அசோதான். சில தின்பண்டங்களில் அளவோடு சேர்க்கச் சட்டமே அனுமதிக்கிறது. மெட்டானிலுக்கு எந்த உணவிலும் இடமில்லை. மஞ்சள் தூளிலோ எந்தச் சாயமும் சேர்க்கக்கூடாது.

வீட்டிலேயே பார்க்கலாம்

கண்ணாடி டம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் தூளைப் போட்டு அப்படியே விடுங்கள். நல்ல தூள் அடியில் தங்கும், தண்ணீர் லேசாக மஞ்சளாகும். தண்ணீரே அடர் மஞ்சளாகிவிட்டால் சந்தேகப்படலாம். பரிசோதனைக் கூடத்தில் ஹைட்ரோகுளோரிக் ஆசிட் விட்டுப் பார்ப்பார்கள். சுத்த மஞ்சளும் முதலில் சிவக்கும். தண்ணீர் ஊற்றினால் அந்தச் சிவப்பு போய்விடும். போகாமல் நின்றால் திருடன் மாட்டிக்கொண்டான்! ஆசிட் வேலையை வீட்டில் யாரும் செய்து பார்க்க வேண்டாம்.

சந்தேகம் வந்தால் பில்லோடு பாக்கெட்டை எடுத்துக்கொண்டு உணவுப் பாதுகாப்பு அதிகாரியிடம் புகார் செய்யலாம். 2006-ம் ஆண்டுச் சட்டப்படி, பாதுகாப்பற்ற உணவால் உயிர் போனால் 7 ஆண்டு முதல் ஆயுள் வரை ஜெயில். அபராதம் ரூ.10 லட்சத்துக்குக் குறையாது.