ஒரு வரிக்குள் ஒன்பது வாக்கியங்கள்

‘ரவி டோல்ட் குமார் தட் ஹி ஹேட் வன்.’ ரவி குமாரிடம் சொன்னதை வேறு யாரோ நமக்குச் சொல்கிறார்கள். இந்த அயற்கூற்றை நேர்கூற்றாக்க வேண்டும்; அதாவது ரவியின் வாயிலிருந்து வந்த சொற்களையே மீட்டெடுக்க வேண்டும். பள்ளித் தேர்வில் ஒரு மதிப்பெண். உண்மையில் அது ஒரு துப்பறியும் வேலை!

ஜெயித்தது யார்? ரவி என்றால் அவன் சொன்ன சொல் ‘ஐ’. குமார் என்றால் ‘யூ’. மூன்றாம் ஆள் என்றால் ‘ஹி’. தன்மை, முன்னிலை, படர்க்கை மூன்றும் ஒரே ‘ஹி’க்குள் ஒளிந்திருக்கின்றன.

காலமும் அப்படித்தான். சொல்லி முடித்த பேச்சு என்பதால் ஆங்கிலம் வினையை ஒரு படி பின்னுக்கு இறக்குகிறது. ‘வன்’, ‘ஹேவ் வன்’ இரண்டும் ‘ஹேட் வன்’ ஆகிவிடும். முதலிலேயே ‘ஹேட் வன்’ என்றிருந்தால் இறங்க வேறு படி இல்லை, அங்கேயே நிற்கும். ஆள் மூன்று, காலம் மூன்று: மொத்தம் 9 வாக்கியங்கள். நேர்கூற்றை அயற்கூற்றாக்குவது அரிசியை மாவாக்குவது. இதுவோ மாவிலிருந்து அரிசியை மீட்பது.

ஆனாலும் மீட்கிறோம். நான், இங்கே, நாளை போன்றவை சுட்டுச்சொற்கள். பேசுபவர் நிற்கும் இடத்தில் முளை அடித்து, அங்கிருந்து அளப்பவை. ‘த நெக்ஸ்ட் டே’ என்று கண்டதும் முளையைப் பிடுங்கி ரவியின் காலடியில் ஊன்றுகிறோம், ‘டுமாரோ’ கிடைக்கிறது. முந்தைய வரியில் ரவி கோப்பையோடு ஓடிவந்திருந்தால், ஒன்பதில் ஆறு அப்போதே உதிர்ந்துவிடும்.

‘தான் ஜெயித்துவிட்டதாக ரவி சொன்னான்’ என்று தமிழில் எழுதிப் பாருங்கள். குழப்பமே இல்லை, ‘தான்’ ரவியைப் பிடித்துக்கொள்கிறது. கானாவிலும் டோகோவிலும் பேசப்படும் எவே மொழியில், சொன்னவரையே குறிக்கத் தனிப் பிரதிப்பெயர் உண்டு. இத்தகைய சொற்களுக்கு ‘லோகோஃபோரிக்’, அதாவது சொன்னவர்ச்சுட்டு, என்று 1974இல் பெயரிட்டவர் பிரெஞ்சு மொழியியலாளர் குளோத் அஜேஜ்.

வீட்டுப் பேச்சில் நாம் நேர்கூற்றை அயற்கூற்றாக்கும் மாற்றத்தையே பெரும்பாலும் தவிர்க்கிறோம். ‘என்று’ என்பதே ‘என்’, அதாவது ‘சொல்’, என்ற வினையிலிருந்து வந்ததுதான். அதன் முன்னால் கேட்ட பேச்சை அப்படியே வைத்துவிடலாம். “தம்பி, ‘நாளைக்கு வரேன்’னு சொன்னான்” என்கிறார் அம்மா. முளை இன்னும் தம்பியிடமே இருக்கிறது. அவன் போன் செய்தது நேற்று என்றால், இன்றைக்கே உலையில் ஒரு பிடி கூடப் போட வேண்டும்.